மாடு வந்தது, நெல் வந்தது!

குழந்தைகளே, நம் கள்ளக்குறிச்சி அரிசி ஆலைகளுக்கு நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். லாரியே இல்லாத காலத்தில் மூட்டை சுமந்தவை காளை மாடுகள்தான். ஒருமுறை மாடு வராததால் தஞ்சாவூர்க் கோட்டையே பட்டினி கிடந்தது. அப்போது கைகொடுத்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார்.

1726-ல் பிரஷ்யா நாட்டில் பிறந்த இவர், 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் படித்தார். பிறகு திருச்சி, தஞ்சாவூர் என்று ஊழியம் செய்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

1779-ல் ஆங்கிலேயர் இவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பினர். ஐதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். அதைத் தமக்கென்று வைத்துக்கொண்டாரா? இல்லை. தஞ்சையில் பள்ளிக்கூடம் நடத்தக் கொடுத்துவிட்டார்.

மறு ஆண்டே போர் மூண்டது. கோட்டைக்குள் மக்கள் பசியால் தெருவிலேயே விழுந்து இறந்தார்கள். கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் விவசாயிகள் மாடு தர மறுத்தார்கள். பின்னே? முன்பு கொடுத்த மாடுகளுக்கு உரிய கூலியை இடையில் இருந்தவர்கள் சுருட்டிவிட்டார்களே! அரசர் வாக்குக்கே மதிப்பில்லாமல் போயிற்று.

கூலியைத் தம் கையாலேயே தருவதாக சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். சில நாட்களில் 1,000-க்கும் அதிகமான மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது! சொன்னபடியே கூலியை எண்ணிக் கொடுத்தார். கோவிலில் அவர் செய்த பிரசங்கங்களைவிட இது பெரிய பிரசங்கம் என்பேன்.

1798-ல் தஞ்சையில் இறந்தார். அவர் அரவணைத்து வளர்த்த சரபோஜி மன்னர், லண்டன் சிற்பியிடம் சொல்லி அவருக்குப் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்தார். பெரிய கோவிலுக்குச் சுற்றுலா போனால், சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அதைப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்பார்.