திருமலையில் நான்கு தடவை வென்ற இராஜவரோதயம்

திருகோணமலை நகரில் இராஜவரோதயம் வீதி எங்கே என்றால் எந்த ஓட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். அந்த இராஜவரோதயம் யார் என்பதில்தான் குழப்பம். இரா. சம்பந்தனின் தந்தை என்று நினைப்பவர்கள் உண்டு. சம்பந்தனின் தந்தை பெயரும் இராஜவரோதயம்தான், ஆனால் அவர் வேறு ஆள். இவர் என். ஆர். இராஜவரோதயம். 1952 முதல் 1963 வரை திருகோணமலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்.

1947இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் இத்தொகுதியை வென்றவர் தமிழ்க் காங்கிரஸின் சிவபாலன். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952 மே மாதம் அது சந்தித்த முதல் பொதுத்தேர்தலில் தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசனிடம் தோற்றுப்போனார். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு ஆசனங்கள்: கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் இராஜவரோதயம். அந்த இரண்டாவது ஆசனம் இல்லாமல் போயிருந்தால், வடக்கும் கிழக்கும் சேர்ந்த சமஷ்டி என்று பேசிய கட்சியை யாழ்ப்பாணக் கட்சி என்று ஒதுக்குவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! யாழ்ப்பாணத்தை மையமாக வைத்து எழுதப்பட்ட நமது அரசியல் வரலாறு இதைப் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

1956இல் மீண்டும் வென்றார். தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அது. ஓகஸ்ட் மாதம் வடகிழக்கின் பல ஊர்களிலிருந்து மக்கள் கால்நடையாகத் திருமலைக்கு வந்தார்கள். அங்கு கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு நான்கு கோரிக்கைகளை வைத்து அரசுக்கு ஒரு வருடத் தவணை கொடுத்தது. அவற்றில் ஒன்று, தமிழர் பிரதேசங்களில் அரசு நடத்தும் குடியேற்றங்களை நிறுத்துவது. அடுத்த பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, திருமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி கட்ட முயன்ற நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை துறைமுகத் தளத்தைக் கையளித்துவிட்டு வெளியேறியது. கொழும்பு அதை வெற்றியாகக் கொண்டாடியது. தளத்தில் வேலை செய்து பிழைத்த குடும்பங்களுக்கோ அடுப்பு அணைந்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்களில் 400 பேர் வரையானோரைப் பொலன்னறுவைப் பக்கமாகக் குடியேற்ற அரசு எடுத்த யோசனை அங்கே ஆத்திரத்தைக் கிளப்பியது. 1958 மே வன்செயலுக்கு முன்னோடியான காரணங்களில் அதுவும் ஒன்று. தமிழனை வேறு மாவட்டத்தில் குடியேற்றுவது எவ்வளவு பாரதூரமான விடயமாகப் பார்க்கப்பட்டது என்பதையும், அதே காலத்தில் கந்தளாய், அல்லைத் திட்டங்களில் திருமலை மாவட்டத்துக்குள் சிங்களக் குடும்பங்கள் வந்துகொண்டிருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குடியேற்றக் காணிகளுக்கு ஆட்களைத் தெரிவதில் பிரதேச சபைகளுக்கு அதிகாரம் தந்த பண்டா - செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. இராஜவரோதயம் 1960 மார்ச்சிலும் ஜூலையிலும் வென்றார். தொகுதி அவர் கையைவிட்டுப் போகவே இல்லை. நிலம் போய்க்கொண்டிருந்தது.

1961 சத்தியாக்கிரகம் திருமலைக் கச்சேரி வாசலிலும் நடந்தது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் தமிழரசுத் தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். மூதூரின் தமிழரசு உறுப்பினர் ஏகாம்பரம் பதவிக்காலம் முடியுமுன்பே இறந்தார். 1963இல் இராஜவரோதயமும் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

அவருக்குப் பின் மாணிக்கராஜா, 1970இல் நேமிநாதன், 1977இல் சம்பந்தன் என்று தொகுதி தமிழர் கையிலேயே இருந்தது. ஆனால் 1977 தேர்தலுக்கு முன் எல்லைகள் மறுபடியும் வரையப்பட்டு, சிங்களப் பெரும்பான்மையுடன் சேருவில என்ற புதிய தொகுதி மாவட்டத்துக்குள் முளைத்தது. அத்தேர்தலில் சேருவிலவையும் மூதூரையும் ஐக்கிய தேசியக் கட்சி எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து எடுத்த குடிசன மதிப்பீட்டில், 1921இல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த சிங்களவர் மாவட்டத்தில் மூன்றிலொரு பங்காகியிருந்தார்கள்.