புனித பவுலாவின் கடற்பயணம்

உரோமை நகரின் பழம்பெரும் குலத்தில் 347-ம் ஆண்டு பிறந்தவர் புனித பவுலா. முப்பது வயதைத் தாண்டியதும் கணவரை இழந்தார். நான்கு பெண்கள், ஒரு பையன். 384-ல் மூத்த மகள் பிளெசில்லாவும் இறந்துபோனாள். மறு ஆண்டே, ஆண்டவர் நடமாடிய இடங்களைக் கண்ணாரக் காண விரும்பி, மகள் யூஸ்தோக்கியத்துடன் கப்பலேறினார்.

துறைமுகத்தில் நடந்ததைப் புனித எரோணிமுஸ் எழுதி வைத்திருக்கிறார். சிறுவன் தொக்சோசியுஸ் கரையில் நின்று கைகளை நீட்டினான். மணப்பருவத்திலிருந்த ருபீனா, தன் திருமணம் வரையாவது இருக்கும்படி வாய்பேசாமல் அழுது கெஞ்சினாள். பவுலா வானத்தை நோக்கினாரேயன்றிக் கண்ணீர் விடவில்லை. கப்பல் புறப்பட்டபின் மற்றவர்கள் கரையைப் பார்த்து நிற்க, அவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பங்கில் எத்தனையோ தாய்மாரைக் கண்டவன் நான். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் மனம் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. அவர் உள்ளம் பட்ட வேதனையை எரோணிமுசும் மறைக்கவில்லை.

பொன்சா தீவில், தொமிசியான் மன்னன் காலத்தில் நாடு கடத்தப்பட்ட பிளாவியா தொமித்தில்லா வாழ்ந்த சிற்றறைகளைக் கண்டார். கிரேக்க நாட்டு மெத்தோனேயில் இளைப்பாறி, ரோட்ஸ் வழியாகச் சைப்ரஸ் சேர்ந்தார். அங்கே ஆயர் எபிபானியுஸ் அவரைப் பத்து நாள் தங்க வைத்தார். ஓய்வுக்கென்று தந்த அந்நாட்களிலும் தீவின் மடங்களையெல்லாம் சுற்றிப் பார்த்து உதவி செய்தார்.

அந்தியோக்கியாவிலிருந்து கடுங்குளிரில் தரைவழிப் பயணம். ஊழியர் சுமந்து செல்லப் பழகிய சீமாட்டி இப்போது கழுதைமேல்! தீர் நகரக் கடற்கரையில் புனித சின்னப்பர் முழந்தாளிட்டுச் செபித்த மணலைக் கண்டார். ஒருகாலத்தில் வலிமையோடு விளங்கிய தோர் நகரம் இடிந்து கிடப்பதைப் பார்த்து வியந்தார். செசரியாவில் கொர்னேலியுவின் இல்லம் கோவிலாகியிருந்தது. பிலிப்புவின் சிறு வீடும், கன்னியரான அவர் புதல்வியர் நால்வரின் அறைகளும் அங்கே இருந்தன. யெருசலேமில் ஆளுநர் மாளிகையில் தங்க அழைத்தும் மறுத்து, எளிய அறையொன்றையே தெரிந்துகொண்டார்.

எகிப்து நாட்டுத் துறவிகளையும் சந்தித்து, பெலூசியத்தில் கப்பலேறிக் காசா துறைமுகத்தில் இறங்கினார். பிறகு பெத்லகேமை விட்டு அகலவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் மடங்கள் கட்டினார். மரியன்னைக்கும் சூசையப்பருக்கும் இடம் கிடைக்காத அவ்வூரில் திருப்பயணிகளுக்கு விடுதியும் எழுப்பினார். தமது செல்வமெல்லாம் கரைந்தபின் கடன் வாங்கியும் ஏழைகளுக்குக் கொடுத்தார். அந்தக் கடன்தான் யூஸ்தோக்கியத்துக்குக் கிடைத்த சொத்து. 404 ஜனவரி 26-ல் இறந்து, ஆண்டவர் பிறந்த குகையருகே அடக்கம் செய்யப்பட்டார்.

கரையில் கைநீட்டி நின்ற தொக்சோசியுசுக்குப் பிற்காலத்தில் ஒரு மகள் பிறந்தாள். பாட்டியின் பெயரைத் தாங்கிய அவளும் பெத்லகேம் மடத்துக்கு வந்து சேர்ந்தாள்.