சசி மகராஜும் தம்பிடிக் கணக்கும்

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துல வளர்ந்தவன். எங்க பாட்டி கொழுந்து நிறுக்கும்போது, கிராணி புத்தகத்துல என்ன எழுதுறாருன்னு எட்டிப் பார்த்துட்டுத்தான் லயத்துக்குத் திரும்புவாங்களாம். எழுத்துல எடை குறைஞ்சா கூலி குறையும்.

அந்தப் பாட்டியோட பேரன் நான், போன வருஷம் எங்க கிளைக்குப் பொருளாளர் ஆனேன். டியூஷன் பிள்ளைகளின் புத்தகத்துக்கு வந்த 300 வெள்ளியை எடுத்து, முகாமுக்கு பஸ் வாடகை கட்டிட்டேன். திருப்பி வைக்க மூணு மாசம் ஆச்சு. அதுவரை பிள்ளைங்க புத்தகம் இல்லாமத்தான் படிச்சாங்க. அந்தச் சமயத்தில்தான் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் வாழ்க்கையைப் படித்தேன்.

1863-ல் வங்காளத்தில் பிறந்தவர். பூர்வாசிரமப் பெயர் சசி பூஷண் சக்கரவர்த்தி. துறவியான பிறகும் ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்டு மகிழ்ந்தவர். குரு ஸ்ரீ ராமகிருஷ்ணர் மறைந்ததும் மற்ற சீடர்கள் யாத்திரை கிளம்பினார்கள்; இவர் மடத்திலேயே இருந்து நித்திய பூஜையைத் தவறாமல் நடத்தினார். 1897-ல் விவேகானந்தர் இவரைச் சென்னைக்கு அனுப்பினார்.

கோயம்புத்தூரில் ஒரு குடும்பமே பிளேக் நோயில் அழிய, சிறு பிள்ளைகள் மட்டும் மிஞ்சியதைக் கண்டு மனம் உடைந்தார். அவர் தூண்டுதலில் ராமசாமி ஐயங்காரும் உறவினர் ராமானுஜாச்சாரியும் 1905-ல் மயிலாப்பூரில் மாணவர் இல்லத்தைத் தொடங்கினார்கள். தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாமே ஊரார் கொடுத்த நன்கொடையில்தான்.

அன்றைய கணக்கு சுலபமில்லை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. பொதுப் பணத்தில் விவேகானந்தர் வைத்த விதியோ அதைவிடக் கண்டிப்பு: ஒரு காரியத்துக்கு வந்த பணத்தைப் பட்டினி கிடந்தாலும் வேறு காரியத்துக்குத் தொடக்கூடாது. மிஷன் நிலையங்கள் ஆண்டறிக்கையில் வரவு செலவை அச்சிட்டு ஊர் முன்னால் வைப்பதும் இந்த வழியில் வந்ததுதான்.

சசி மகராஜ் 1911-ல், 48 வயதில் மறைந்தார். இல்லத்துக்குச் சொந்தக் கட்டடம் திறந்தது 1921-ல்; அவர் பார்க்கவில்லை. பின்னாளில் அங்கே உறைவிட உயர்நிலைப் பள்ளியும் தொழிற்கல்வியும் வந்தன. இல்லம் இன்றும் நடக்கிறது.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போ புத்தக நிதிக்குத் தனி ஏடு, முகாமுக்குத் தனி ஏடு. மாதக் கூட்டத்தில் இரண்டையும் சத்தமாகப் படிக்கிறேன். உங்கள் கிளையிலும் இந்த மாதமே ஆரம்பியுங்களேன்.