மூச்சுக்கு ஒரு கவசம்

மாணவர்களே! வாளையும் அம்பையும் தடுப்பதற்காகவே பண்டைய வீரர் கவசம் அணிந்தனர். ஆனால், சுவாசிக்கும் காற்றே பகையாக மாறினால் என்ன செய்வது? அவ்வினாவுக்கு விடை காணத் தம் உடலையே ஆய்வுக்களமாக்கியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1860ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறந்த ஹால்டேன், அங்கேயே மருத்துவம் பயின்றார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் உடலியங்கியல் அறிஞராக விளங்கினார். 1896ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. மாண்டவர்களின் உடல்களை அவர் ஆராய்ந்தார். பெரும்பாலோர் இறந்தது தீயினால் அன்று, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியினால் என்று கண்டறிந்தார். அவ்வளியை முன்னரே உணர்த்தும் சிறு உயிர்களைச் சுரங்கத்தினுள் கொண்டுசெல்லுமாறு அறிவுறுத்தினார். பிற்காலத்தில் கானரிப் பறவைகள் சுரங்கத் தொழிலாளரின் காவலாயின.

முதல் உலகப்போரின்போது, 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படையினர் குளோரின் வளியைத் திறந்துவிட்டனர். காற்றைவிடக் கனமான அப்பசுமஞ்சள் புகை, பதுங்குகுழிகளுள் இறங்கி வீரர்களை மூச்சுத்திணற வைத்தது. நான்கு நாள்களுக்குப்பின் அங்குப் போரிட்ட இந்திய லாகூர் படைப்பிரிவினரும் தக்க முகக்கவசமின்றியே அந்நச்சை எதிர்கொண்டனர். அன்று தோழர் பலரை மீட்ட மீர் தஸ்த் என்னும் வீரர் விக்டோரியா சிலுவை விருது பெற்றார்.

உண்மையை அறிந்துவர ஹால்டேன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். தாக்கியது குளோரினே என அவர் உறுதிசெய்தார். இதற்கிடையே இங்கிலாந்துப் பெண்கள் பஞ்சுத் திண்டுகளைத் தைத்துக் குவித்தனர். அன்பினால் செய்யப்பட்டவையாயினும் அவை பயன்படவில்லை. உலர்ந்த பஞ்சு நச்சைத் தடுக்கவில்லை. நனைந்த பஞ்சோ மூச்சையே தடுத்தது.

ஹால்டேனும் அவர்தம் குழுவினரும் கண்ணாடி பதித்த சிறு அறையினுள் குளோரினை நிரப்பி, அதனுள் தாமே நுழைந்தனர். கவசத்துடனும் கவசமின்றியும் உடலை வருத்தி உழைத்து, எத்துணை நேரம் தாங்கலாம் எனக் கணித்தனர். கண்கள் எரிந்தன; இருமல் நாள்கணக்கில் நீடித்தது. போர்முனையில் பணியாற்றிய அவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேனும் இவ்வாய்வில் பங்கேற்றார்.

புகைப்படத் தொழிலில் பயன்படும் ஹைப்போ என்னும் வேதிப்பொருள் குளோரினின் நச்சை முறித்தது. அக்கரைசலில் தோய்த்த பஞ்சைக் கருநிற வலைத்துணியில் பொதிந்து வீரர்கள் முகத்தில் கட்டிக்கொண்டனர். துக்கம் காப்போர் அணியும் முகத்திரைத் துணி, இவ்வாறு உயிர்காக்கும் துணியாயிற்று. அடுத்து, மருத்துவர் குளூனி மக்ஃபர்சன் வடிவமைத்த கம்பளித்துணி முகமூடி வந்தது. தலை முழுவதையும் மூடிய அதன் விளிம்பைச் சட்டைக்குள் செருகிக்கொள்வர். 1917ஆம் ஆண்டில் தோலையே பொசுக்கும் கடுகு வளி ஏவப்பட்டபோது, முகத்தை மட்டும் மறைத்தால் போதாது என்பதை உலகம் உணர்ந்தது. இன்றைய வீரர்கள் அணியும் கரியூட்டிய முழுவுடலுடைக்கு அதுவே தொடக்கம். நம் நாட்டில் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆய்வகம் இத்தகைய உடைகளை உருவாக்கியுள்ளது.

ஹால்டேன் 1936ஆம் ஆண்டு மறைந்தார். அவர்தம் மகன் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் உயிர்நீத்தார்.

பிறருக்கு அளிக்கும் காப்பு உண்மையிலேயே காக்குமா எனத் தாமே சோதித்த பின்னரே ஹால்டேன் அதனை அளித்தார். அன்பு மட்டும் போதாது. அதனுடன் அறிவும் கைகோக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.

அருஞ்சொற்பொருள்
நச்சுவளி – நஞ்சு கலந்த வாயு
உடலியங்கியல் – உடல் இயங்கும் முறையை ஆராயும் துறை
தோய்த்த – நனைத்த

சிந்தித்து விடை எழுதுக
1. பஞ்சுத் திண்டுகள் ஏன் பயன்படவில்லை?
2. கடுகு வளியை எதிர்கொள்ள முகக்கவசம் மட்டும் போதாதது ஏன்?
3. நன்மனத்துடன் செய்யும் உதவியும் சில வேளைகளில் பயனின்றிப் போவது ஏன்? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.