வராதவரை வரவழைத்தவர்

தமிழ்நாட்டிலிருந்து வடக்கே செல்லும் வண்டியேறி வந்த நம்மில், நாகபுரி நிலையத்தில் ஆரஞ்சுப் பழம் வாங்காதவர் சிலரே. அந்த ஊரில்தான் ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஆள்களை நடத்தும் கலையில் தம் முதற்பாடத்தைப் படித்தார் என்பேன்.

1839-இல் குஜராத்தின் நவசாரியில், பார்சிப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பம்பாயில் ஆலைகள் பெருகிய நாளில், பருத்தி விளையும் மண்ணுக்கே ஆலையைக் கொண்டுபோனார். 1877 சனவரி முதல் நாள் நாகபுரியில் எம்பிரஸ் ஆலை திறக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பைப் பெசோன்ஜி மேத்தாவிடம் ஒப்படைத்தார். மேத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நூற்பும் நெசவும் அறியாதவர். ஆனாலும் டாட்டா அவரை நம்பினார். நம்பிக்கை வீண்போகவில்லை.

ஆலை ஓடியது, ஆள்தான் வரவில்லை. ஐந்தில் ஒருவர் வராத நாள்கள் பல. கூலியைப் பிடிப்பதும் சீட்டைக் கிழிப்பதுமே முதலாளிகள் அறிந்த மருந்து. டாட்டாவோ, ஆலை எப்படி இருக்கிறது என்று பார்த்தார். பஞ்சுத் தூசியும் புழுக்கமும் நிறைந்த கூடங்களில் காற்றோட்டத்துக்கு வழி செய்தார். தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்களை அமைத்தார். விளையாட்டு விழா நடத்திப் பரிசளித்தார். 1886-இல் ஓய்வூதிய நிதி தோன்றியது. 1895-இல் விபத்துக்கு இழப்பீடு வந்தது. இந்திய அரசு அதற்கெனச் சட்டம் செய்ததோ 1923-இல்!

இவையெல்லாம் இலாபத்துக்காகத்தானே என்று கேட்பீர்கள். ஆம், இலாபமும் வந்தது. அந்தக் காலத்து ஆலைகளில் வேலைநேரம் நீண்டது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் கையைக் கூலிக்கு எடுப்பது வேறு. கையோடு ஒரு மனிதனும் வருகிறான் என்று உணர்வது வேறு. அந்த உணர்வே 1902-இல் தம் மகன் தொராபுக்கு எழுதிய கடிதத்திலும் இருந்தது. இன்னும் எழும்பாத எஃகு நகருக்கு அகன்ற தெருக்களும் நிழல் மரங்களும் விளையாட்டுத் திடல்களும் வேண்டும் என்று அதில் எழுதினார். 1904-இல் ஜெர்மனியில் மறைந்தார். அந்நகரே ஜாம்ஷெட்பூர்.

இதை நான் ஏன் எழுதுகிறேன்? சென்ற ஆண்டு நம் சங்கச் செயலாளனாக இருந்தபோது, கூட்டத்துக்கு வராதவர்க்குத் தண்டம் விதித்தேன். அடுத்த கூட்டத்தில் என்னோடு நால்வரே இருந்தோம். டாட்டாவின் வரலாற்றைப் படித்த பிறகே, நான் ஒருவரிடமும் ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை என்பது உறைத்தது. அறை அறையாகச் சென்று கேட்டேன். ஆய்வுக்கூட நேரத்தில் கூட்டம் வைத்தால் எப்படி வருவது என்றனர் பலர். கிழமையை மாற்றினோம். நாற்காலி போதவில்லை.

நாளை நம்மில் சிலர் ஆலையிலும் அலுவலகத்திலும் பலரை நடத்தப் போகிறோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விடுபட்டால், சிவப்பு மையைத் தேடுமுன் அந்த மனிதனைத் தேடுவோம்.