தொண்டமான் பேசிய நாட்களும் பேச முடியாத நாட்களும்

பாராளுமன்றத்தில் எந்த உறுப்பினர் எத்தனை தடவை எழுந்து பேசினார், எத்தனை நாள் சபைக்கு வந்தார் என்று எண்ணித் தரவரிசை போடும் வழக்கம் இப்போது வந்துவிட்டது. மலையக அமைச்சர்கள் அதில் எங்கே நிற்கிறார்கள் என்று என் மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்துச் சிரிப்பான். அவன் தர்மபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். ஹட்டனை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான். ஒருநாள் அவன் கேட்டான், அப்பப்பா வீட்டுச் சுவரில் படம் மாட்டியிருந்தாரே, அந்த தொண்டமான் பாராளுமன்றத்தில் அப்படி என்னதான் பேசினார் என்று. உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்குத்தான். எங்களைப் போல மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, போர் முடியும்வரை அங்கேயே கிடந்து உழன்ற மற்றவர்களும் படிக்கலாம்.

சௌமியமூர்த்தி தொண்டமான் 1913 ஓகஸ்ட் 30ஆம் திகதி தமிழ்நாட்டில் முனப்புதூர் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கருப்பையா இலங்கைக்குக் கூலியாக வந்து, கங்காணியாகி, கடைசியில் இறம்பொடையில் வெவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். 1924இல் பதினொரு வயதில் மகனும் வந்து சேர்ந்தார். கம்பளை சென் அன்றூஸ் கல்லூரியில் படிப்பு. ஆக, எங்கள் தலைவர் லயத்தில் பிறந்தவர் அல்லர், தோட்ட முதலாளியின் பிள்ளை. இதை அவருடைய எதிரிகள் கடைசிவரை சொல்லிக் காட்டினார்கள். என் அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. துரையைப் பார்த்துக் கை கட்டாத ஒருவர்தான் துரையோடு பேச முடியும் என்பது அவருடைய கணக்கு.

1939இல் நேரு இலங்கைக்கு வந்து போன கையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. தொண்டமான் கம்பளைக் கிளைக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டு ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் இறந்தார். மலையகத் தொழிற்சங்கம் அந்த இரத்தத்தில்தான் எழுந்து நின்றது. 1947இல் நாட்டின் முதலாவது பாராளுமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என்று ஏழு பேர் 101 பேர் கொண்ட சபைக்குப் போனார்கள். மற்றத் தொகுதிகளில் எங்கள் ஆட்கள் போட்ட வாக்கு இடதுசாரிகள் பலரையும் கரையேற்றியது. அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியதும் அந்த வாக்குத்தான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. முதல் சட்டம் நாட்டவர் அல்ல என்றது, கடைசிச் சட்டம் வாக்காளர் அல்ல என்றது. காங்கிரஸ் உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசினார்கள், எதிர்த்து வாக்களித்தார்கள். எண்ணிக்கையில் தோற்றார்கள். வடக்கு கிழக்கு வாசகர்களும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த வாக்கெடுப்புகளில் தமிழ் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்துவிட்டுப் பிறகு அரசில் அமைச்சரானார். செல்வநாயகம் அவரைப் பிரிந்து வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தச் சட்டங்கள் ஒரு முக்கிய காரணம். மலையகத் தமிழனின் வாக்கு பறிபோனதில்தான் ஈழத்தமிழ் அரசியலின் ஒரு கிளையே பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை.

என் மகன் பார்க்கும் தரவரிசைக்கு வருகிறேன். 1952க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் தொண்டமானின் பெயரில் பாராளுமன்ற உரை ஒன்றுமே கிடையாது. அவர் சபைக்கு மட்டம் போட்டதால் வந்த மௌனம் அல்ல அது. அவருக்கு வாக்குப் போடக்கூடியவர்களின் பெயர்களை இடாப்பிலிருந்து வெட்டிவிட்டதால் வந்தது. 1952இல் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் நான்கு மாதங்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சபைக்குள் பேச முடியாதவர்களுக்கு வாசலில் உட்காருவதைத் தவிர வேறு என்ன வழி?

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம் கொடுத்திருந்தார்கள். மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயக் காம்பிராவில் இருக்கிறவனிடம் என்ன பத்திரம் இருக்கும்? காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறி, கடைசி நேரத்தில் எல்லோரையும் விண்ணப்பிக்கச் சொன்னது. அந்தத் தாமதம் பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் விண்ணப்பங்களில் அடங்கியிருந்தார்கள். 1964 வரையில் ஏறக்குறைய 1,34,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. என் பெரியப்பா அதில் ஒருவர். தாத்தாவின் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று, அவரோடு சேர்த்து அப்போது சிறுவனாக இருந்த அப்பாவுடையதும். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் அண்ணன் நாட்டவன், தம்பி நாடற்றவன்.

1960இல் சிறிமாவோ அரசு தொண்டமானை நியமன உறுப்பினராக்கியது. யார் நியமித்தார்களோ அவர்களுடைய தயவில் கிடைக்கும் ஆசனம் அது. 1964 ஒக்டோபர் 30இல் அதே சிறிமாவோ டில்லிக்குப் போய் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தார். 9,75,000 பேர், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதி பிறகு. அந்த மக்களின் தலைவரைக் கேட்டுச் செய்த கணக்கு அல்ல இது. தொண்டமான் எதிர்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 1965இல் டட்லியின் அரசிலும் நியமன உறுப்பினராக இருந்தார். 1970இல் மறுபடியும் வெளியே.

அந்த ஏழு ஆண்டுகள் மலையகத்தில் வாழ்ந்தவர்களுக்கு மறக்காது. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1973, 74இல் பஞ்சம். கோதுமை மா கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். கண்டி, ஹட்டன் தெருக்களில் எங்கள் சனம் கையேந்தி நின்றது. 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் காணி பறிப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். தொண்டமான் 1972இல் செல்வநாயகத்தோடும் பொன்னம்பலத்தோடும் ஒரே மேடைக்கு வந்திருந்தார். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்ததும் அதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் இருக்கும் தேயிலை மலையில் வாழ்கிறவன் எந்த எல்லையைக் கீறி நாடு கேட்பான் என்பது அவரது நிலைப்பாடு. வடக்கில் பலர் அதைத் துரோகம் என்றார்கள்.

1977 ஜூலைத் தேர்தலில் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி. காமினி திசாநாயக்க முதலாவது, அநுர பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் வாக்கில் அவர் சபைக்குப் போனார். 168 ஆசனங்களில் ஐ.தே.க.வுக்கு 140, கூட்டணிக்கு 18, இ.தொ.கா.வுக்கு ஒன்று. பெரியப்பா வாக்குப் போட்டுவிட்டு வந்து மையிட்ட விரலை இஸ்தோப்பில் எல்லோருக்கும் காட்டினார். அப்பா அந்த விரலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்ததை ஒன்பது வயதுப் பையனாக நான் பார்த்தேன்.

ஒரு மாதம்கூடப் போகவில்லை. ஓகஸ்ட்டில் அடித்தார்கள். எங்கள் லயத்தையும் கொளுத்தினார்கள். கொழுந்துக் கூடையில் தங்கச்சியை வைத்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, பல நாள் அலைந்து கடைசியில் கிளிநொச்சிக்கு வந்தோம். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காந்தியம் எங்களைப் போன்றவர்களைக் குடியேற்றியது. அதை நடத்திய டொக்டர் ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடிசை போட்டோம். அங்கே எங்களைத் தோட்டக்காட்டான் என்றார்கள். அந்தச் சொல்லை இங்கே எழுதாமல் விட முடியவில்லை.

எங்களைத் துரத்திய அதே ஆட்சியில் 1978 செப்டெம்பரில் தொண்டமான் அமைச்சரானார். கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சு. அப்பா அன்றைக்குப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். பிறகு மாட்டினார், 1983இல் மறுபடியும் கழற்றினார். எங்கள் வீட்டில் தொண்டமானின் அரசியல் வரலாறு அந்த ஆணியில்தான் தொங்கியது.

ஏன் போனார் என்பதற்குக் காகிதத்தில் சான்று இருக்கிறது. 1978 அரசியலமைப்பு, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பாகுபாட்டை நீக்கியது. நாடற்றவர்களுக்கும் பத்து ஆண்டுகளுக்குச் சில அடிப்படை உரிமைகளைக் கொடுத்தது. ஆனால் அமைச்சர் என்றால் கூட்டுப் பொறுப்பு. அமைச்சரவை முடிவெடுத்த பிறகு சபையில் எழுந்து அதற்கு எதிராகப் பேச முடியாது. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. அதே வருடம் ஓகஸ்ட்டில் தோட்டங்களிலும் அடி விழுந்தது. 1983 ஜூலையில் நுவரெலியா நகரமே எரிந்தது. அவர் பதவி விலகவில்லை. விலகியிருக்க வேண்டும் என்று அப்பா சாகும்வரை சொன்னார். ஆறாவது திருத்தத்துக்குப் பிறகு கூட்டணியினர் ஆசனங்களை இழந்து சபை வெறுமையானபோது, ஜே.ஆருக்கும் டில்லிக்கும் இடையில் கதவைத் தட்டக்கூடிய தமிழர் வேறு யார் இருந்தார் என்று பெரியப்பா கேட்பார். இரண்டு பேரும் சரியென்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது.

சபையில் பேச முடியாததை அவர் மலையில் பேச வைத்தார். 1984 ஏப்ரலில் தோட்டங்கள் முழுவதும் வேலைநிறுத்தம். அமைச்சரவையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், அதே அரசுக்குச் சொந்தமான தோட்டங்களில் இலட்சக்கணக்கானோரை வேலைக்குப் போகாமல் நிறுத்தினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் அந்தப் போராட்டத்தில்தான் வந்தது. அதுவரை மலையேறிக் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு, அப்பாவைவிடக் குறைந்த நாட்சம்பளம்தான். சம சம்பளம் வந்தபோது அவர் தோட்டத்திலேயே இல்லை, தர்மபுரத்தில் கச்சான் நட்டுக்கொண்டிருந்தார்.

1986 தைப்பொங்கல் அன்று தொடங்கியது இன்னும் கெட்டித்தனமான வேலை. வேலைநிறுத்தம் என்றால் அவசரகாலச் சட்டம் பாயும். ஆகவே பிரார்த்தனை. காலையில் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் தொழிலாளர் கோயில் வாசலில் உட்கார்ந்து மதியம்வரை சாமி கும்பிட்டார்கள். சாமி கும்பிடுகிறவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? சில நாட்களிலேயே அரசு இறங்கி வந்தது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்த 94,000 பேருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை வழங்க 1986இல் சட்டம் வந்தது. 1988இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்கள் சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும் என்றாயிற்று. 1948இல் எத்தனையோ உரை நிகழ்த்தியும் தடுக்க முடியாததை, நாற்பது ஆண்டுகள் கழித்து வாய்க்குள் முணுமுணுத்த தேவாரம் திருப்பி வாங்கியது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் அமைச்சராக இருந்தும் லயங்கள் லயங்களாகவே இருந்தன. காணியும் வீடும் தொழிலாளியின் பேரில் எழுதப்படவில்லை. தொழிற்சங்கச் சந்தா சம்பளத்தில் தவறாமல் வெட்டப்பட்டது. தலைமை குடும்பத்துக்குள்ளேயே பேரனுக்குப் போனது. பிரேமதாசவோடும் இருந்தார், 1994இல் ஆட்சி மாறியதும் சந்திரிகாவோடும் அமைச்சரானார். எந்தக் கப்பல் வந்தாலும் ஏறிக்கொள்கிறவர் என்று கேலி செய்தார்கள். 1991இல் சமாதான யோசனைகளை முன்வைத்து யாழ்ப்பாணம் போய்ப் புலிகளோடு பேச முனைந்ததையும் அதே ஆள்தான் செய்தார். தெற்கில் எதிர்ப்புக் கிளம்பி அந்தப் பயணம் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வன்னியில் இருந்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

1999 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர் காலமானார். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அன்றோடு முப்பத்தைந்து வருடம். செய்தியை நாங்கள் பற்றரியில் ஓடும் ரேடியோவில் கேட்டோம். மூன்றாம் நாள் ஓயாத அலைகள் தொடங்கிவிட்டது. ஷெல் சத்தத்தில் அவருக்காக உட்கார்ந்து அழக்கூட எங்கள் ஊரில் ஆளில்லை. அப்பா படத்தைக் கழற்றித் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். 2003இல் எஞ்சியிருந்த எல்லோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது அப்பாவும் இல்லை.

மகனே, அந்தப் படம் 2009இல் வீட்டோடு போயிற்று. ஆனால் 1989இல் பெரியப்பா ஹட்டனிலிருந்து செய்வித்து அனுப்பிய சத்தியக் கடதாசி, உன் அப்பாயியின் சேலை முடிச்சில் முள்ளிவாய்க்கால்வரை வந்து, அங்கிருந்து முகாமுக்கும் வந்தது. பதிவு செய்யும் இடத்தில் பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள். அப்பாயி ஒன்றும் சொல்லாமல் முடிச்சை அவிழ்த்து, ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த கடதாசியைப் பக்குவமாகப் பிரித்து மேசையில் வைத்தார்.