கவிஞர் பெற்ற கணித மேதை

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் பெயரை இலக்கிய வகுப்பில் கேட்டிருக்கிறோம். அவருக்கு ஏடா என்றொரு மகள் இருந்தார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். கணினி அறையில் வண்ண வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டி, திரையில் பூனையை நடக்கவும் தாவவும் வைத்து விளையாட்டுகள் செய்கிறோம் அல்லவா? அந்தக் கலையின் தொடக்க ஏடுகளில் இந்த அம்மையாரின் பெயருக்கு இடம் உண்டு.

1815-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் லண்டனில் ஏடா பிறந்தார். ஒரு மாதக் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்தனர். தந்தை 1816-இல் இங்கிலாந்தை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. 1824-இல் கிரேக்க நாட்டில் இறந்தார். தந்தையின் கட்டுக்கடங்காத கற்பனையும் குணமும் மகளுக்கும் வந்துவிடுமோ என்று தாயார் அஞ்சினார். அதற்கு மருந்தாக அவர் தேர்ந்தெடுத்தது கணிதம்! நமக்குக் காய்ச்சலை வரவழைக்கும் பாடத்தை ஒரு தாய் மருந்தாகக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் மருந்து கற்பனையைக் கொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் ஏடாவுக்குப் பறக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. பறவைகளின் சிறகையும் உடலையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்; நீராவியால் இயங்கும் பறக்கும் குதிரை ஒன்றையும் மனத்தில் கட்டினார். 1829-இல் தட்டம்மை கண்டு கால்கள் செயலிழந்தன. நெடுநாள் படுக்கையில் கிடந்து, பிறகு ஊன்றுகோல்களின் துணையால் நடந்தார். படிப்பு மட்டும் நிற்கவில்லை.

1833-இல், 17-ஆம் வயதில், சார்லஸ் பாபேஜ் என்னும் கணிதப் பேராசிரியரைச் சந்தித்தார். பாபேஜ் பற்சக்கரங்களால் ஆன கணக்கிடும் பொறியின் ஒரு பகுதியைச் செய்து வைத்திருந்தார். பின்னர் அவர் அதைவிடப் பெரிய பொறி ஒன்றைத் திட்டமிட்டார். அதற்கு வழிகாட்டியது பட்டு நெய்யும் ஜக்கார்டு தறி. அத்தறியில் அட்டைகளில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய இழை உயரும். துளை இல்லாத இடத்தில் இழை உயராது. அட்டையை மாற்றினால் பூவேலை மாறும். தறி அதே தறிதான். 1834-இல் தாயுடன் ஆலைகளைச் சுற்றிப் பார்த்த ஏடா இத்தறிகளையும் கண்டிருந்தார். ஆகவே பூவுக்குப் பதிலாகக் கணக்கை நெய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு எளிதில் விளங்கியது.

1835-இல் திருமணம். கணவர் பிறகு லவ்லேஸ் பிரபு ஆனதால் இவர் லவ்லேஸ் சீமாட்டி ஆனார். மூன்று குழந்தைகள் பிறந்த பின்னும் 1840-இல் உயர் கணிதம் கற்கத் தொடங்கினார். கடிதம் வழியே பாடம் சொல்லித் தந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். இவர் 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர் என்பதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது! மாணவியின் திறமையை மதித்த அவரே, இத்தனை கடினமான கணிதத்தைப் பெண்ணின் உடல் தாங்குமா என்று ஏடாவின் தாயாருக்குக் கடிதம் எழுதினார் என்பதைப் படித்தபோது அந்த மகிழ்ச்சி சற்றுக் குறைந்தது.

அதே 1840-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏடா பாபேஜுக்கு ஒரு விளையாட்டைப் பற்றி எழுதினார். சாலிட்டேர் என்னும் அதை ஒருவரே ஆடலாம். பலகையில் 37 குழிகள், அவற்றில் முளைகள். ஒன்றை எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். நம் ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டைத் தாண்டி வெட்டுவதுபோல ஒரு முளை அடுத்ததைத் தாண்டி அதை வெளியேற்றும். இறுதியில் ஒன்றே மிஞ்ச வேண்டும். ஏடா ஆடி ஆடிப் பார்த்து வழி கண்டுவிட்டார். எப்போது ஆடினாலும் வெல்ல முடிந்தது. நாமாக இருந்தால் அத்தோடு தோழியரை அழைத்துப் பெருமை பேசியிருப்போம். அவருக்கோ அது போதவில்லை. இந்த வெற்றியை ஒரு கணித வாய்பாடாக எழுத முடியுமா என்று கேட்டார். விளையாடுகிறவர் ஒரு படி மேலே ஏறி, விளையாட்டின் விதியை எழுத முனையும் இடம் இதுதான். 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் வெளியிட்ட ஸ்கிராட்ச்சில் நாம் முதல் விளையாட்டைச் செய்யும்போதும் இந்தப் படியில்தான் தடுமாறுகிறோம். பந்து சுவரில் பட்டால் திரும்ப வேண்டும் என்பது நமக்குத் தெரியும்; அதை ஆணையாக எழுதத்தான் தெரிவதில்லை.

பாபேஜின் புதிய பொறியைப் பற்றி இத்தாலியரான மெனப்ரியா 1842-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். ஏடா அதை மொழிபெயர்த்து, ஏழு குறிப்புகளையும் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு! கடைசிக் குறிப்பில், பெர்னூலி எண்களைப் பொறி எவ்வாறு கணக்கிடும் என்பதைப் படிப்படியாக அட்டவணையிட்டார். எந்த எண்ணை எங்கே வைப்பது, எதை எதனோடு பெருக்குவது, எந்தப் படிகளைத் திரும்பத் திரும்பச் செய்வது என்பதெல்லாம் அதில் உண்டு. நம் திரையில் 'மீண்டும் செய்' என்று ஒரு கட்டம் சில கட்டங்களைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறதே, அதே கருத்து. அச்சான அட்டவணையின் நான்காம் படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறி நிற்கின்றன. நம் பூனை சுவருக்குள் நடந்து போவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுபோன்ற சிறு பிழையே.

எண்களுக்கு விதி உண்டு; இசைக்கும் விதி உண்டு; ஆகவே பொறி இசையும் அமைக்கலாம் என்று அவர் கருதினார். ஆயினும் அது தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் ஆணையிடத் தெரிந்ததையே செய்யும் என்றும் தெளிவாகச் சொன்னார்.

இவரை உலகின் முதல் நிரலாளர் என்பது சரியா? பாபேஜ் அதற்கு முன்பே சில நிரல்களை எழுதி வைத்திருந்தார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அது உண்மையே. ஆனால் பெர்னூலி கணக்கில் தாம் செய்த பெரும் பிழையை ஏடாதான் கண்டுபிடித்தார் என்று பாபேஜே தம் நூலில் எழுதியிருக்கிறார். எண்ணைத் தாண்டி இசை வரைக்கும் அப்பொறியை நினைத்துப் பார்த்த பெருமை ஏடாவுக்கே உரியது என்பது எங்கள் கருத்து. கட்டுரையின் கீழே அவர் இட்டது முழுப்பெயர்கூட அன்று, ஏ.ஏ.எல். என்ற மூன்றெழுத்துதான். 1980-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் நிரல்மொழிக்கு ஏடா என்ற பெயரை நிலைநிறுத்தி, அதன் தர எண்ணாக அவர் பிறந்த ஆண்டாகிய 1815-ஐ வைத்தது.

பாபேஜின் பொறி அவர் காலத்தில் கட்டி முடிக்கப்படவே இல்லை. ஏடா தம் நிரல் ஓடுவதைப் பார்க்கவில்லை. பிற்காலத்தில் குதிரைப் பந்தயத்தில் பணம் இழந்து கடன்பட்டார், புற்றுநோயும் வந்தது. 1852 நவம்பர் 27-இல், 36-ஆம் வயதில் இறந்தார். தந்தை இறந்ததும் அதே வயதில்தான். அவர் விரும்பியபடியே, ஹக்னால் என்னும் ஊரிலுள்ள புனித மகதலா மரியாள் ஆலயத்தில், நினைவு தெரிந்து ஒருநாளும் பார்த்திராத தந்தையின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.